இறைச்சியும் சீஸும் அடைத்த பிஸ்கட் சாண்ட்விச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்மையான பிஸ்கட் மாவுக்குள் வெந்த இறைச்சியையும் சீஸையும் வைத்து மூடிச் சுடும் சாண்ட்விச்சை நான் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சாப்பிட்டவர்கள் செய்முறை கேட்பார்கள். வீட்டில் செய்து பார்த்துவிட்டு மறுநாளே ஒரு சந்தேகத்தோடு வருவார்கள். சீஸ் ஒழுகிவிட்டது, அடி வேகவில்லை, மடிப்பு பிரிந்துவிட்டது என்று வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிஸ்கட் என்றால் பாக்கெட்டில் வரும் மொறுமொறுப்பானதுதானே? அதற்குள் எப்படி இறைச்சியை வைப்பீர்கள்?

இங்கே பிஸ்கட் என்று சொல்வது, அமெரிக்க வீடுகளில் காலை உணவுக்குச் சுடப்படும் மென்மையான, உப்புச் சுவையுள்ள சிறு ரொட்டியை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் உறவு குறைவு. பாக்கெட் பிஸ்கட் ஈரம் வற்றி மொறுமொறுப்பாக இருக்கும். இதுவோ வெளியே லேசாகக் கரகரத்து, உள்ளே அடுக்கடுக்காகப் பிரியும்.

ஈஸ்ட் சேர்ப்பதில்லை என்பதால், மாவு பொங்குவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பேக்கிங் பவுடரிலிருந்து வரும் கரியமில வாயுவும், மாவுக்குள் சிதறிக் கிடக்கும் வெண்ணெய்த் துணுக்குகளின் ஈரம் ஆவியாவதும் சேர்ந்து அதை எழும்ப வைக்கின்றன. பூரணம் தயாராக இருந்தால், பிசையத் தொடங்கியதிலிருந்து சுட்டு எடுக்கும் வரை ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். எளிதானது என்று இதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

பிஸ்கட்டைத் தனியாகச் சுட்டு, பிளந்து, நடுவில் வைத்துக் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. பிளந்து வைக்கும் சாண்ட்விச் சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டியது. கடிக்கும்போது உதிரும், உள்ளிருப்பதும் பின்பக்கமாக நழுவும். அடைத்துச் சுடும்போது சீஸ் உருகி இறைச்சியையும் மாவையும் பிணைத்துவிடுவதால், கையில் பிடித்தபடி நடந்துகொண்டே சாப்பிட முடியும், உறையவைத்துப் பிறகு சூடாக்கவும் முடியும். ஆனால் வெந்துகொண்டிருக்கும் மாவுக்குள் பூரணம் அடைபட்டிருப்பதால், அதன் ஈரம் முழுவதும் மாவைத்தான் சென்று சேரும். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறக்கின்றன.

என்னென்ன வேண்டும், அளவு எவ்வளவு?

எட்டு சாண்ட்விச்சுக்கு மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சில்லென்ற வெண்ணெய் 85 கிராம், குளிர்ந்த கெட்டி மோர் 180 மி.லி. வேண்டும். பூரணத்துக்கு வெந்த இறைச்சி 160 கிராம், சீஸ் 120 கிராம். அதாவது ஒன்றுக்கு இறைச்சி 20 கிராம், சீஸ் 15 கிராம். இது குறைவாகத் தெரியும், ஆனாலும் இதற்கு மேல் வைத்தால் மடிப்பு மூடாது. மேலே தடவ ஒரு முட்டையை அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உலர்ந்த பொருள்களைக் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டு, விரல் நுனியால் பட்டாணி அளவுத் துணுக்குகளாகும் வரை நசுக்குங்கள். மோரை ஊற்றி, மாவு ஒன்றுசேர்ந்தவுடன் நிறுத்திவிடுங்கள். மழமழப்பாகும் வரை பிசைந்தால் ரப்பர் போல இழுக்கும். மாவு தூவிய பலகையில் தட்டி, கடிதத்தை மடிப்பதுபோல மூன்றாக மடித்து, திருப்பிப் போட்டு, மறுபடி தட்டி மடியுங்கள். இப்படி மூன்று முறை மடித்தால் அடுக்குகள் உருவாகும்.

பிறகு 20 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள விரிப்பாகத் தேய்த்து, 10 செ.மீ. சதுரங்களாக எட்டு வெட்டுங்கள். நடுவில் பூரணத்தை வைத்து, நான்கு முனைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து, ஓரங்களைக் கிள்ளி ஒட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி தட்டில் வையுங்கள். அடித்த முட்டையைத் தடவி 200 டிகிரி செல்சியஸில் 16 முதல் 20 நிமிடம் சுட்டால் போதும். வட்டமாக வெட்டினால் ஓரத்து மாவு மிஞ்சும். அதைத் திரட்டி மறுபடி தேய்க்கும்போது அடுக்குகள் குலைந்துவிடும் என்பதால் நான் எப்போதும் சதுரமாகத்தான் வெட்டுவேன்.

மோர் இல்லையென்றால் பால் போதுமா?

போதும், புளிப்பு மட்டும் சேர்க்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் பாலை ஊற்றி மொத்தம் 180 மி.லி. ஆக்கிப் பத்து நிமிடம் விட்டால் லேசாகத் திரிந்து வரும். புளிப்பே சேர்க்காமல் வெறும் பாலை ஊற்றுவதானால் சமையல் சோடாவைக் கட்டாயம் விட்டுவிடுங்கள், ஏனெனில் அமிலம் கிடைக்காத சோடா மாவில் அப்படியே தங்கிக் கசக்கும்.

வெண்ணெய் சில்லென்றுதான் இருக்க வேண்டுமா? உருக்கி ஊற்றினால் வேலை சுலபம்தானே?

சில்லென்று இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். துணுக்காகவே ஓவனுக்குள் போகும் வெண்ணெய் உருகி, அதன் தண்ணீர் ஆவியாகி, சுற்றியுள்ள மாவைத் தள்ளிப் பிரிக்கும். அந்த இடைவெளிதான் அடுக்கு. முன்பே உருகிய வெண்ணெய் மாவோடு கலந்துவிடும், தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சாது. அதனால் தேய்த்து வெட்டும் வேளையில் மாவு மென்மையாகி ஒட்டத் தொடங்கினால், இன்னும் மாவைத் தூவிக்கொண்டே போகாமல், பலகையோடு தூக்கி 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

உருக்கித்தான் செய்ய வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. உருகிய வெண்ணெயைச் சற்று ஆறவிட்டு, மிகக் குளிர்ந்த மோரில் ஊற்றிக் கலக்கினால் அது சிறு சிறு துகள்களாக உறைந்துவிடும்; அந்தக் கலவையை அப்படியே மாவில் ஊற்றலாம். அடுக்கு தெளிவாக வராவிட்டாலும் மென்மைக்குக் குறைவிருக்காது. அவசரமான காலைகளில் நானும் இப்படித்தான் செய்கிறேன்.

மைதாவுக்குப் பதிலாகக் கோதுமை மாவில் செய்யலாமா?

பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாக வரும். முழுக் கோதுமை மாவிலுள்ள தவிடு ஈரத்தை உறிஞ்சுவதால், மோரைக் கூடுதலாக இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு தேய்க்க வேண்டும். முழுக்கவும் கோதுமை மாவில் செய்தால் மாவு விரிசல் விட்டு, மடிப்பிலேயே பிளந்துகொள்ளும்; அடைத்துச் செய்வதற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டப்பாவில் வரும் தயார் பிஸ்கட் மாவைப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். குளிரில் வைத்து விற்கும் பிஸ்கட் மாவுக்கு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த லைவ்லி வில்லபி என்பவர் 1931இல் காப்புரிமை பெற்றார். அடைத்த பிஸ்கட்டை அந்த வகை மாவில் செய்பவர்களும் உண்டு. முதல்முறை செய்பவர்கள் அதிலேயே தொடங்கினால், பூரணத்திலும் மடிப்பிலும் முழுக் கவனத்தையும் வைக்கலாம்.

மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறக்கும் நொடி வரை ஃபிரிட்ஜிலேயே வைத்திருக்க வேண்டும், சூடேறிய மாவு கையில் பிசுக்கென்று ஒட்டும். அடுக்கடுக்காகப் பிரியும் பெரிய வகையாக இருந்தால், ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் இரண்டாகப் பிரித்து, ஒன்றின் மேல் பூரணத்தை வைத்து மற்றொன்றால் மூடி, சுற்றிலும் முட்கரண்டியால் அழுத்தலாம். சுடும் வெப்பத்துக்கு டப்பாவில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றி, பூரணம் இருப்பதால் மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக விட வேண்டும்.

கறியைப் பச்சையாகவே உள்ளே வைத்தால் மாவோடு சேர்ந்து வெந்துவிடாதா?

கூடவே கூடாது. கொத்துக்கறியின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸையும், கோழி இறைச்சி 74 டிகிரியையும் எட்டினால்தான் பாதுகாப்பானது. மாவு போர்த்தியிருக்கும் பூரணத்துக்குச் சூடு மெதுவாகத்தான் போய்ச் சேரும். மேலே பொன்னிறமாகிவிட்டது என்று நம்பி எடுக்கும் வேளையில் நடுவில் கறி வேகாமலேயே இருக்கலாம். அப்படியே வெந்தாலும், பச்சைக் கறியிலிருந்து வடியும் சாறும் கொழுப்பும் முழுவதும் மாவில் இறங்கி அடியைக் கூழாக்கிவிடும்.

அதனால் பூரணம் மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும் என்பதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்: வெந்திருக்க வேண்டும், வற்றியிருக்க வேண்டும், குளிர்ந்திருக்க வேண்டும். ஒருமுறை விருந்தினர்கள் வந்து காத்திருந்ததால், வாணலியிலிருந்து இறக்கிய சூட்டோடு கொத்துக்கறியை எடுத்து மாவில் வைத்துவிட்டேன். கிள்ளி ஒட்டும்போதே உள்ளிருந்த வெண்ணெய் உருகி, விரல்களுக்கிடையே மாவு பளபளவென்று வழுக்கியது. எட்டில் ஐந்து ஓவனுக்குள் வாய்பிளந்தன. இறைச்சியைப் பரந்த தட்டில் பரப்பி ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

எந்த இறைச்சி நன்றாக இருக்கும்?

ஹாம் என்ற பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சியின் மெல்லிய துண்டுகள் மிக எளிது. ஏற்கெனவே வெந்தவை, மடித்து வைக்கவும் வசதியானவை. ஆனால் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது மேலே நீர் பூத்திருக்கும், அதைத் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றியெடுத்துவிட வேண்டும். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியான பேக்கனை முறுகலாகப் பொரித்து நொறுக்கிப் போடலாம். பாதி வெந்த பேக்கன் உள்ளே மறுபடி மொறுமொறுப்பாகாது, தோல் போல இழுபடும்.

சுவையில் எனக்கு முதலிடம் சாசேஜ் கறிக்குத்தான். உறையைக் கீறி உள்ளிருப்பதை எடுத்து, வாணலியில் உதிர்த்து, நிறம் மாறி ஓரங்கள் சிவக்கும் வரை வதக்கி, வடிகட்டியில் போட்டு வைத்தால் கொழுப்பு தானாக இறங்கும். கொத்துக்கறியும் அப்படியே. ஈரமும் கொழுப்பும் போனபின் எடை நான்கில் ஒரு பங்காவது குறைந்துவிடும் என்பதால், 160 கிராம் வெந்த கறி வேண்டுமென்றால் பச்சைக் கறி 230 கிராமாவது வாங்க வேண்டும். வதக்கும்போது முதலில் தண்ணீர் விட்டு, சளசளவென்று கொதித்து, பிறகு சத்தம் மாறிப் பொரியும் ஓசை வரும். அந்தச் சத்தம் மாறிய பிறகுதான் ஈரம் வற்றிவிட்டது என்று நம்பலாம்.

முந்தைய நாள் மிஞ்சிய வறுத்த கோழியையோ வேறு இறைச்சியையோ நார்நாராகப் பிய்த்துப் பயன்படுத்தலாம். குழம்பிலோ சாஸிலோ இருந்த துண்டுகளானால் முதலில் வாணலியில் போட்டுச் சுண்ட வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த சீஸ் வாங்குவது?

செடார் சுவைக்கும் உருகுவதற்கும் நடுவில் நிற்பது. அதிகம் முதிராத வகையைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் நீண்ட காலம் முதிர்ந்த செடார் சூட்டில் எண்ணெயைத் தனியாகக் கக்கிவிடும். இழுத்தால் நூல் விடும் பதம் பிடித்தவர்களுக்கு ஈரம் குறைந்த மொசரெல்லா கட்டி ஏற்றது. தண்ணீரில் மிதக்கும் புதிய மொசரெல்லா உருண்டை இதற்கு ஆகாது. மேலே சொன்ன வற்றியிருக்க வேண்டும் என்ற சோதனையில் அது தோற்றுவிடும்.

பதப்படுத்திய சீஸ் துண்டுகளைக் குறைவாக நினைக்க வேண்டாம். அவற்றில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால், அவை எண்ணெய் விடாமல் குழைவாக உருகும். துருவியே விற்கப்படும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள். அது பயன்படும், ஆனால் கட்டியாக வாங்கி வீட்டில் துருவியது போலக் குழையாது. பன்னீர் உருகவே உருகாது, எனவே இணைப்புக்காக நம்ப முடியாது.

சீஸ் எல்லாம் வெளியே ஒழுகித் தட்டில் கருகிவிடுகிறது. என்னதான் செய்வது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சீஸ் உருகுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. மாவு வெந்து இறுகும் முன்பே சீஸ் உருகி, ஆவியின் தள்ளுதலோடு பலவீனமான இடத்தைத் தேடிப் போவதுதான் சிக்கல். எனவே சீஸைத் தாமதப்படுத்த வேண்டும், மடிப்பைப் பலப்படுத்த வேண்டும்.

தாமதப்படுத்த, சீஸைத் துருவாமல் சிறு கட்டிகளாக வெட்டி 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். மாவின் மேல் முதலில் இறைச்சி, அதன் நடுவில் சீஸ், சுற்றிலும் இறைச்சியே அணையாக இருக்கட்டும். ஹாமாக இருந்தால் சீஸைப் பொட்டலம் போல அதில் சுருட்டிவிடலாம். ஓவன் 200 டிகிரியை உண்மையிலேயே எட்டிய பிறகு தட்டை உள்ளே தள்ளுங்கள். சூடேறும் வழியிலேயே வைத்தால் சீஸ் முந்திக்கொள்ளும்.

மடிப்பைப் பொறுத்தவரை எதிரி கொழுப்பு. ஓரத்தில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் மாவு மாவோடு ஒட்டாது. சதுரத்தின் நான்கு ஓரங்களிலும் ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு எதுவும் படாமல் பார்த்துக்கொண்டு, அந்த இடத்தை ஈர விரலால் மெல்லத் தடவி, இரண்டு ஓரங்களைச் சேர்த்துக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்தில் கோடு மறைந்து ஒரே மாவாகத் தெரிய வேண்டும். கோடு தெரிந்தால் அது பிரியும். ஒட்டி முடித்தபின் மேற்புறம் கத்தி முனையால் ஒரு சிறு கீறல் போட்டால் ஆவி அந்த வழியே போய்விடும், மடிப்பைப் பிளக்காது. எட்டில் ஒன்றிரண்டில் சிறிது சீஸ் எட்டிப் பார்ப்பது எனக்கும் உண்டு. அந்தக் கருகிய ஓரத்துக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு.

மேலே நன்றாகச் சிவந்துவிட்டது, அடியில் மட்டும் பச்சை மாவாக இருக்கிறதே?

பூரணம் ஈரமாகவோ சூடாகவோ இருந்ததா என்று முதலில் பாருங்கள். அதைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. அது சரியாக இருந்தும் இப்படி வருகிறதென்றால், மடிப்பில் மாவு தடித்துக் குவிந்திருக்கும். நான்கு முனைகளும் சேரும் இடம் அதுவே, அதுவும் கீழே போகிறது. சதுரத்தின் முனைகளை மட்டும் விரலால் மெலிதாக அழுத்திவிட்டு மடித்தால் அந்தக் குவியல் குறையும்.

தட்டின் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். ஓவனின் நடுவுக்குச் சற்றுக் கீழே உள்ள கம்பித் தட்டின் மேல், கனமான, நிறம் அடர்ந்த உலோகத் தட்டில் வைத்தால் அடி நன்றாகச் சிவக்கும். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அடி முழுவதும் இளம்பழுப்பாக, தட்டினால் சற்று உள்ளீடற்ற ஓசையோடு இருக்க வேண்டும்.

வெட்டிப் பார்த்தால் உள்ளே குகை மாதிரி வெற்றிடம் இருக்கிறது, பூரணம் அடியில் கிடக்கிறது. ஏன்?

மாவு மேலே எழும்புகிறது, பூரணம் எழும்புவதில்லை. இறைச்சி உதிரியாக இருந்தால் அதற்கிடையே இருந்த காற்றும் ஆவியும் சேர்ந்து கூரையைத் தூக்கிவிடும். பூரணத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தி உருண்டையாக்கி வையுங்கள். சீஸில் கால் பங்கைத் துருவி இறைச்சியோடு பிசைந்துகொண்டால் உருண்டை உதிராது. மூடும்போது மாவுக்கும் பூரணத்துக்கும் நடுவே காற்று நிற்காதபடி மேலிருந்து மெல்ல அழுத்தியபடி ஒட்டுங்கள்.

வெங்காயம், காளான், குடைமிளகாய், தக்காளி இதெல்லாம் சேர்க்கலாமா?

தக்காளி வேண்டாம். மற்றவற்றைப் பொடியாக நறுக்கி, வாணலியில் நீர் வற்றும் வரை வதக்கி, ஆறவிட்டுச் சேர்க்கலாம். காளான் நிறைய நீர் விடும் என்பதால் அதற்குப் பொறுமை வேண்டும். மொத்தப் பூரணம் ஒன்றுக்கு 35 கிராம் என்ற கணக்கைத் தாண்டாமல், காய்க்கு இடம் விட இறைச்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடுகு சாஸ் பிடித்தவர்கள் மாவின் நடுவில் கால் தேக்கரண்டி தடவலாம், ஓரத்துக்குப் போகக் கூடாது.

முட்டையும் வைக்க ஆசை. எப்படி?

அடித்துக் கிளறிய முட்டையாக, நீர்மை மறைந்து மென்மையாக இருக்கும்போதே இறக்கி, முழுவதும் ஆறவிட்டு வையுங்கள். ஓவனில் மறுபடி வேகப்போவதால், வாணலியிலேயே நன்றாக வேகவைத்த முட்டை ரப்பராகி நீர் விடும். எட்டு சாண்ட்விச்சுக்கு மூன்று முட்டை போதும்.

உப்பு கரிக்கிறது. மாவில் நான் அளவாகத்தான் போட்டேன்.

மாவில் அளவாக இருந்தாலும் ஹாம், பேக்கன், சாசேஜ், சீஸ் எல்லாமே உப்போடு வருபவை. டப்பா மாவும் அப்படியே. பதப்படுத்திய இறைச்சி வைக்கும்போது மாவின் உப்பைப் பாதியாக்கி, உப்பில்லாத வெண்ணெயைப் பயன்படுத்துங்கள். கொத்துக்கறியை வதக்கும்போது உப்பைக் கடைசியில், சுவைத்துப் பார்த்துச் சேர்ப்பது நல்லது. மாவை மட்டும் பச்சையாகச் சுவைத்துப் பார்க்காதீர்கள். வேகாத மைதாவிலும் நோய் தரும் கிருமிகள் இருக்கக்கூடும்.

ஓவன் இல்லாமல் செய்ய முடியுமா?

ஏர் ஃப்ரையரில் அருமையாக வரும். 165 டிகிரியில் மடிப்பு கீழே இருக்கும்படி ஏழு நிமிடம், திருப்பிப் போட்டு மேலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். உள்ளே காற்று வேகமாகச் சுழல்வதால் 200 டிகிரி வைத்தால் மேற்புறம் கருகி நடு வேகாமல் நிற்கும். ஒன்றையொன்று தொடாமல் இடம் விட்டு வையுங்கள்.

அடுப்பில் செய்வதானால் கனமான வாணலி, மூடி, மிகச் சிறு தீ. சாண்ட்விச்சை இரண்டு செ.மீ. உயரத்துக்கு மேல் போகாதபடி தட்டையாக்கி, ஒரு பக்கத்துக்கு எட்டு முதல் பத்து நிமிடம் மூடி வேகவைக்க வேண்டும். ஓவனில் வரும் எழுச்சி இதில் வராது, ஆனால் இரண்டு பக்கமும் கிடைக்கும் கரகரப்பு தனிச் சுவை. மைக்ரோவேவ் சூடாக்க மட்டுமே உதவும்.

முதல் நாள் இரவே செய்து வைத்துக் காலையில் சுடலாமா?

சுடலாம், ஆனால் மாவில் சிறு மாற்றம் தேவை. சமையல் சோடா மோரில் பட்ட உடனேயே வாயுவை விடத் தொடங்கி, காலைக்குள் தீர்ந்துவிடும். இருமுறை வினைபுரியும் பேக்கிங் பவுடர் பெரும்பகுதி வாயுவைச் சூடு பட்ட பிறகே வெளியிடும். எனவே இரவு வைப்பதானால் சோடாவை விட்டுவிட்டு, மோருக்குப் பதில் பால் ஊற்றிப் பிசையுங்கள். அடைத்து முடித்ததை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் நேராக ஓவனுக்குக் கொண்டுபோகலாம். சில்லென்று இருப்பதால் மடிப்பு இன்னும் உறுதியாக நிற்கும், இரண்டு நிமிடம் கூடுதலாகும்.

பல நாளுக்கு வைக்க வேண்டுமென்றால், வேகாத சாண்ட்விச்சுகளைத் தட்டில் தனித்தனியாக உறையவைத்து, கல்லான பிறகு பையில் போடுங்கள். உறைந்தபடியே 190 டிகிரியில் 24 முதல் 28 நிமிடம் சுடலாம். டப்பா மாவை மட்டும் பச்சையாக உறையவைக்க வேண்டாம், பிறகு சரியாக எழும்பாது. அதைச் சுட்டு ஆறவைத்தே உறையவையுங்கள்.

காலையில் சுட்டதை டப்பாவில் போட்டு மதியம் சாப்பிடக் கொடுத்துவிடலாமா?

இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். இறைச்சியும் சீஸும் உள்ள உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரமே எல்லை. ஏறத்தாழ 4 முதல் 60 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும், மாவு மூடியிருப்பதால் பூரணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

கொடுத்தனுப்ப வேண்டுமென்றால், முந்தைய நாளே சுட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்து, பனிக்கட்டிப் பையோடு வெப்பம் புகாத பெட்டியில் வைத்து அனுப்புங்கள். சாப்பிடும் இடத்தில் சூடாக்க வசதி இருந்தால் மேலும் நல்லது.

மிஞ்சியதை எத்தனை நாள் வைக்கலாம், எப்படிச் சூடாக்குவது?

ஃபிரிட்ஜில் மூன்று முதல் நான்கு நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம் வரை சுவை கெடாமல் இருக்கும். ஓவனில் 175 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் மேற்புறம் மறுபடி கரகரப்பாகும். உறைந்ததற்கு 20 முதல் 25 நிமிடம். மைக்ரோவேவில் ஈரத் துணி சுற்றி 40 நொடி வைத்தால் மென்மையாக இருக்கும், ஆனால் உடனே சாப்பிட வேண்டும், ஆறினால் மாவு இறுகிவிடும். எப்படிச் சூடாக்கினாலும் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். உணவு வெப்பமானி ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவல்ல.

கடையில் வாங்கும் ஹாம் வெந்ததுதானே? கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடலாமா?

வெந்ததுதான், ஆனால் வெட்டி அடுக்கிக் குளிரில் வைத்து விற்கப்படும் இறைச்சியில் லிஸ்டீரியா என்ற கிருமி சேரக்கூடும்; அது ஃபிரிட்ஜின் குளிரிலும் பெருகவல்லது. கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் அத்தகைய இறைச்சியை ஆவி பறக்கும் சூட்டில், அதாவது 74 டிகிரிக்குச் சூடாக்கியே சாப்பிட வேண்டும். சுட்டு எடுத்த சாண்ட்விச்சின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்து அந்த அளவை உறுதிசெய்துகொண்டால் சாப்பிடலாம். வெப்பமானி இல்லையென்றால், ஹாமை முன்பே வாணலியில் ஆவி வரச் சூடாக்கி, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, அன்றே அடைத்துச் சுடுங்கள். அவர்களுக்கான சீஸும் பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கிய பாலில் செய்ததா என்று உறையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொன்றாக அடைக்க நேரமில்லை. ஒரே பெரியதாகச் செய்து வெட்டிக் கொடுக்கலாமா?

செய்யலாம், ஆனால் அதற்கு வடிவத்தை மாற்ற வேண்டும். பெரிய உருண்டையாக அடைத்தால் நடு வேகவே வேகாது. முதலில் சொன்ன மாவு விரிப்பையே 20 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சதுரங்களாக வெட்டி, ஒன்றை அந்த அளவுள்ள தட்டில் பரப்பி, ஓரம் விட்டுப் பூரணத்தைச் சமமாகத் தூவி, மற்றொன்றால் மூடி ஓரங்களை அழுத்துங்கள். மேலே கத்தியால் நான்கைந்து கீறல் போட்டு 200 டிகிரியில் 25 நிமிடம் சுட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். ஆறாமல் வெட்டினால் சீஸ் கத்தியோடு வந்துவிடும். பத்து நிமிடம் விட்டால் அது சற்று இறுகி, ஒவ்வொரு துண்டிலும் தன் பங்கோடு நிற்கும்.